கோலின்றிக் காவல் நின்றவர்: மேஜர் ஜோன் கிரிபித்

அமெரிக்காவின் இலினோய்ஸ் மாநிலத்தில் கார்லின்வில், டெய்லர்வில் என்று இரண்டு சிறு பட்டினங்கள் உண்டு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஊர்கள். 1921ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இவ்விரு ஊர்களும் உதைபந்தாட்டத்தில் மோதின. அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று சொல்வது நாம் அறிந்த ஆட்டமன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற, றக்பிக்கு உறவான முரட்டு ஆட்டம். ஊருக்கு ஊர் போட்டி என்றால் பகை இல்லாமல் இராது. பகை இருந்தால் பந்தயமும் இருக்கும். ஒவ்வோர் ஊராரும் ஐம்பதாயிரம் டொலர் அளவில் பணம் கட்டினார்கள் என்று அக்காலத்தில் பேசப்பட்டது.

வெற்றியை உறுதி செய்துகொள்ள விரும்பிய கார்லின்வில் ஊரார் நொத்தர் டாம் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரரை இரகசியமாகக் காசுக்கு அழைத்தனர். இரகசியம் கசிந்தது. டெய்லர்வில் ஊரார் சும்மா இருப்பார்களா? இலினோய்ஸ் பல்கலைக்கழக அணியிலிருந்து அவர்களும் ஆட்களைக் கொண்டுவந்து இருத்தினார்கள். ஆட்டத்தின் முற்பாதியில் உள்ளூர்ப் பையன்களைக் கொண்டே டெய்லர்வில் முன்னணியில் நின்றது. பிற்பாதியில் வெளியூர்ப் படையை இறக்கினார்கள். ஜோயி ஸ்டேர்னமன் என்னும் மாணவர் மூன்று முறை பந்தைக் கம்பத்துக்கு மேலாக உதைத்துப் புள்ளிகள் சேர்த்தார். முடிவு 16க்கு 0. கார்லின்வில் ஊரார் கட்டிய பணமெல்லாம் போயிற்று.

இத்தனை பேர் அறிந்த இரகசியம் எத்தனை நாளைக்கு நிற்கும்? 1922 ஜனவரியில் செய்தி பத்திரிகைகளுக்கு வந்தது. இலினோய்ஸ் பல்கலைக்கழகம் ஒன்பது மாணவரையும் நொத்தர் டாம் எட்டு மாணவரையும் கல்லூரி விளையாட்டிலிருந்து விலக்கின. காசு வாங்காமல் ஆடுபவனே கல்லூரி வீரன் என்பதுதான் அந்நாளைய சட்டம். அந்தச் சட்டம் பகிரங்கமாகச் சந்தி சிரிக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

மேற்கு மத்திய மாநிலங்களின் பத்துப் பெரிய பல்கலைக்கழகங்கள் ஒரு சம்மேளனமாக அப்போது இயங்கிவந்தன. 1896ஆம் ஆண்டில் பேராசிரியர்கள் கூடி அமைத்த சம்மேளனம் அது. ‘பிக் டென்’, அதாவது பெரிய பத்து, என்பது அதற்கு வழங்கிவந்த பெயர். சிக்காகோ, மிச்சிகன், இலினோய்ஸ், ஒகாயோ, அயோவா, விஸ்கொன்சின் முதலியவை அதன் அங்கத்தவர்கள். பேஸ்போல் ஆட்டத்தில் 1919இல் நிகழ்ந்த சூதாட்ட ஊழலுக்குப்பின் அவ்விளையாட்டின் முதலாளிகள் லாண்டிஸ் என்ற நீதிபதியை ஆணையாளராக வைத்ததை இப்பேராசிரியர்கள் பார்த்திருந்தனர். தங்களுக்கும் முழுநேர ஆணையாளர் ஒருவர் வேண்டுமென 1922இல் தீர்மானித்து அவர்கள் தேடிக்கொண்ட மனிதரே மேஜர் ஜோன் கிரிபித். கல்லூரி விளையாட்டுச் சம்மேளனங்களின் ஆணையாளர் என்ற உத்தியோகத்துக்கு அமெரிக்காவில் அடிகோலியவர் அவர்.

கிரிபித் 1877இல் இலினோய்ஸ் மாநிலத்து மவுண்ட் கரல் என்ற சிற்றூரில் பிறந்தவர். விஸ்கொன்சின் மாநிலத்துப் பெலோயிட் கல்லூரியில் 1902இல் பட்டம் பெற்றார். பிறகு யாங்க்டன், மோர்னிங்சைட் ஆகிய சிறு கல்லூரிகளில் பயிற்றுநராக இருந்துவிட்டு, 1908இல் அயோவா மாநிலத் தலைநகரான டெ மொயினில் உள்ள ட்ரேக் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே 1910 ஏப்ரலில் அவர் ஓர் அஞ்சலோட்டப் போட்டியை ஆரம்பித்தார். ஏப்ரல் மாதம் அங்கே வசந்தகாலம் என்று பெயர். அன்றோ பனிப்புயல் வீசியது. ஓட வந்தவர் எண்பத்திரண்டு பேர், பார்க்க வந்தவர் ஏறத்தாழ நூறு பேர். இத்தகைய தொடக்கத்தைக் கண்ட வேறொருவர் அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டிருப்பார். கிரிபித் கைவிடவில்லை. ‘ட்ரேக் அஞ்சலோட்டங்கள்’ பின்னர் அந்நாட்டின் முதன்மையான மெய்வல்லுநர் போட்டிகளில் ஒன்றாக வளர்ந்தன.

முதலாவது உலக யுத்தத்தில் அவர் படைமுகாம்களில் சிப்பாய்களுக்கு உடற்பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஏற்றார். மேஜர் என்ற பட்டம் அப்போது வந்தது. சாகும்வரை அது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1921இல் பயிற்றுநர்களுக்கென ஒரு சஞ்சிகையும் தொடங்கி நடத்தினார். பந்து, சப்பாத்து விற்கும் கம்பனிகளின் விளம்பரங்கள் அதன் பக்கங்களில் நிறைய இருக்கும். காசு கலவாத விளையாட்டைப் போதித்த ஏட்டுக்கும் விளையாட்டு வியாபாரத்தின் காசு வேண்டியிருந்தது.

ஆணையாளர் என்றவுடன் பெரிய அதிகாரம் இருந்ததென்று வாசகர்கள் எண்ணக்கூடும். அப்படியொன்றும் இல்லை. சம்மேளனத்தில் வாக்கு இருந்தது ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அனுப்பிய பேராசிரியப் பிரதிநிதிக்குத்தான். ஆணையாளர் விசாரிக்கலாம், கடிதம் எழுதலாம், புத்தி சொல்லலாம், அறிக்கை கொடுக்கலாம், தண்டிக்க முடியாது. போதாக்குறைக்கு, யாரை விசாரிக்க வேண்டுமோ அவர்களே அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள். கோலைக் கையில் கொடுக்காமல் தோட்டத்துக்குக் காவல் வைத்த கதைதான். இந்நிலையில் இருபத்திரண்டு வருடங்கள் சிக்காகோ நகரில் அலுவலகம் வைத்து அவர் காலந்தள்ளினார் என்பதே ஓர் ஆச்சரியம்.

அவர் வந்த காலமும் பொல்லாத காலம். 1922இல் ஒகாயோ பல்கலைக்கழகம் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய குதிரைலாட வடிவ அரங்கைத் திறந்தது. இலினோய்ஸ், மினசோட்டா, மிச்சிகன் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாபெரும் அரங்குகள் எழுந்தன. அரங்கு எழுப்பக் கடன் வேண்டும். கடன் தீர்க்கச் சனம் வேண்டும். சனம் வரவேண்டுமானால் அணி வெல்ல வேண்டும். வெல்லும் பையனை எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வா என்பதில் போய் இது முடிந்தது. கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும் விடயம் இது. ஆயினும், அரங்குகள் நிறைய வேண்டும், ஆடுபவர் கையில் ஒரு சதமும் படக்கூடாது என்ற இரண்டையும் சம்மேளனம் ஒரே மூச்சில் கேட்டது.

1925இல் ரெட் கிரேஞ்ச் விவகாரம் வந்தது. கோடை விடுமுறையில் வீடு வீடாக ஐஸ் கட்டி சுமந்து படித்த பையன் அவர். இலினோய்ஸ் அணியில் ஆடி நாடெங்கும் புகழ் பெற்றார். நவம்பர் 21ஆம் திகதி தமது கடைசிக் கல்லூரி ஆட்டத்தை ஆடி முடித்தார். 26ஆம் திகதி சிக்காகோ பெயர்ஸ் என்ற தொழில்முறை அணிக்காகக் காசு பெற்று மைதானத்தில் இறங்கிவிட்டார். படிப்பு முடியவில்லை. கிரிபித்துக்கு இது நெஞ்சில் தைத்த முள். ஒரு மாணவன் பட்டம் பெறவேண்டிய காலம் வருமுன் அவனைத் தொழில்முறை அணிகள் தொடக்கூடாதென்ற விதி இதன் பின்னரே உண்டாயிற்று. கிரேஞ்சைக் குறைகூறியவர்கள் பலர். ஆனால் அவருக்காகவே திரண்ட கூட்டங்கள் வாங்கிய நுழைவுச்சீட்டுப் பணத்தை எந்தப் பல்கலைக்கழகமும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கிரிபித்தின் வாழ்வில் கடினமான சோதனை 1929இல் வந்தது. அது வந்த இடமோ, அவர் பல வருடம் உழைத்துப் பெயரெடுத்த அதே அயோவா மாநிலம். அயோவா நகர வியாபாரிகள் சேர்ந்து ஒரு நிதி வைத்திருந்தனர். ஆட்டக்காரப் பையன்களுக்கு அதிலிருந்து உதவி போயிற்று. இதுபற்றி முறைப்பாடுகள் வந்தபோது கிரிபித் விசாரித்தார். கண்டதைப் பேராசிரியர்முன் வைத்தார். 1929 மே 25ஆம் திகதி, அடுத்த ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அயோவாவுடன் விளையாட்டு உறவை முறித்துக்கொள்வதெனப் பிரதிநிதிகள் தீர்மானித்தனர்.

அயோவா மக்கள் கொதித்தெழுந்தார்கள். நியாயமும் இல்லாமலில்லை. எங்களை மட்டும் ஏன் பிடித்தீர்கள் என்பதே அவர்கள் கேள்வி. அவ்வருட ஒக்டோபரில் கார்னெகி நிறுவனம் கல்லூரி விளையாட்டுப்பற்றிப் பெரியதோர் அறிக்கை வெளியிட்டது. ஆராயப்பட்ட 112 கல்லூரிகளில் ஆட்டக்காரருக்கு மறைமுக உதவி எதுவும் காணப்படாதவை 28 மாத்திரமே என்று அது சொல்லிற்று. சம்மேளனத்தின் வேறு பல்கலைக்கழகங்களும் அதில் தப்பவில்லை. ஒரு வீட்டுக்காரனைத் திருடனென்று ஊரைவிட்டுத் தள்ளியபின் ஊரே அகப்பட்ட மாதிரி ஆயிற்று. கிரிபித்தோ அந்த அறிக்கை மிகைபட எழுதப்பட்டது என்று எதிர்வாதம் செய்தார். அயோவாவில் உண்மையைத் தோண்டி எடுத்த அதே மனிதர், மற்ற இடங்களில் பிறர் தோண்டியதை ஏற்கத் தயங்கினார். அவருடைய வாழ்க்கையில் நமக்கு மிகவும் உறுத்துவது இவ்விடம்தான்.

அயோவாவின் சங்கடமோ சிறிதன்று. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு புதிய அரங்கைக் கட்டி அதே ஒக்டோபரில் அது திறந்திருந்தது. திறந்த மாதத்திலேயே நியூயோர்க் பங்குச்சந்தையும் சரிந்தது. அரங்கு இருக்கிறது, கடன் இருக்கிறது. வந்து ஆட எதிரணி இல்லை. மன்னிப்புக் கேட்டு வந்தபோது, உதவி பெற்ற பையன்களை முதலில் விலக்குங்கள் என்று சம்மேளனம் சொல்லிற்று. பதினான்கு மாணவர் விலக்கப்பட்டனர். 1930 பெப்ரவரி முதலாம் திகதி அயோவா மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஆயினும் மற்றப் பல்கலைக்கழகங்கள் அந்த வருடத்து ஆட்ட அட்டவணையை ஏற்கெனவே நிரப்பியிருந்தன. சம்மேளன அணிகளில் ஒன்றே ஒன்று, பேடியூ பல்கலைக்கழகம், அயோவாவுடன் ஆடியது.

அந்த நிதியைச் சேர்த்த வியாபாரிகளுக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. சம்மேளனத்தின் சட்டம் கடைத்தெருவரை செல்லாது. வாங்கிய பையனுக்குத் தண்டனை. கொடுத்த பெரிய மனிதருக்கு அடுத்த சனிக்கிழமையும் முன்வரிசையில் ஆசனம்.

நொத்தர் டாம் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் இங்கு சொல்லவேண்டும். திருச்சிலுவைச் சபைக் குருக்கள் நடத்தும் இக்கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் பெரிய பத்தின் அயலிலேயே இருந்தது. சம்மேளனத்தில் சேர அது பல தடவை முயன்றது. 1926இலும் கதவு திறக்கவில்லை. மாணவர் தகுதி விதிகளில் அதன் போக்குத் தளர்வானது என்பது சொல்லப்பட்ட காரணம். கார்லின்வில் ஆட்டத்தை நினைத்தால் அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அதே ஆட்டத்தில் பிடிபட்ட இலினோய்ஸ் உள்ளேதான் இருந்தது! அந்நாளில் அமெரிக்கப் புரட்டஸ்தாந்தரிடையே கத்தோலிக்கர்மீது இருந்த வெறுப்பும் இந்த மறுப்பில் கலந்திருந்தது என்று பின்வந்த ஆய்வாளர் எழுதியிருக்கிறார்கள். மிச்சிகன் பயிற்றுநர் யோஸ்ட் மிகக் கடுமையாக எதிர்த்தவர். கிரிபித்துக்கு இதில் வாக்கில்லை. நொத்தர் டாம் பயிற்றுநரும் 1925இல் கத்தோலிக்கரானவருமான நூட் ரொக்னியுடன் அவர் நெடுநாள் நட்புக் கொண்டு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1931 மார்ச் 31ஆம் திகதி ரொக்னி விமான விபத்தில் மாண்டார். கதவடைபட்ட நொத்தர் டாம், நாடெங்கும் பயணம் செய்து ஆடிப் பெரிய பத்தைவிடப் பெரிய பெயரை எடுத்துக்கொண்டது.

1933 முதல் 1937 வரை கிரிபித் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். பெருமந்தத்தின் கொடிய வருடங்கள் அவை. சொந்தக் காலில் நிற்கும் மனிதனை விளையாட்டே உருவாக்கும், பொதுவுடைமைக்கு அதுவே மருந்து என்று அவர் தமது சஞ்சிகையில் எழுதிவந்தார். மாணவன் வேலை செய்து படிக்கட்டும், அதைத் தடுக்கவில்லை. ஆனால் வேலை மெய்யான வேலையாக இருக்க வேண்டும், கூலி மற்றவன் பெறும் கூலியாக இருக்க வேண்டும் என்பது சம்மேளன விதி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த விதி ஒரு பாரமல்ல. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது எப்படி இருந்தது என்பதற்கு ஜெசி ஓவன்ஸைப் பார்க்கலாம்.

ஒகாயோ பல்கலைக்கழகத்து மாணவரான ஓவன்ஸுக்கு விளையாட்டுக்கான புலமைப்பரிசில் கிடையாது. மாநிலச் சட்டசபைக் கட்டடத்தில் மின்தூக்கி இயக்கி அவர் செலவைச் சமாளித்தார். கறுப்பினத்தவராதலால் பல்கலைக்கழக விடுதியில் இடமுமில்லை. 1935 மே 25ஆம் திகதி மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபரில் சம்மேளனத்தின் மெய்வல்லுநர் போட்டி நடந்தது. அயோவாவைத் தள்ளிவைத்த அதே திகதி, ஆறு வருடங்கள் கழித்து. முதுகு வலியுடன் வந்த ஓவன்ஸ் முக்கால் மணி நேரத்துக்குள் 100 யார் ஓட்டத்தில் உலக சாதனையைச் சமன் செய்தார். நீளம் பாய்தலிலும் 220 யார் ஓட்டத்திலும் 220 யார் சட்டவேலி ஓட்டத்திலும் புதிய உலக சாதனைகள் படைத்தார். அன்று அவர் பாய்ந்த 8.13 மீற்றரை 1960வரை எவரும் தாண்டவில்லை. கிரிபித் ஆணையாளராக இருந்த காலத்தில் அவருடைய சம்மேளனம் கண்ட மகத்தான நாள் அதுவே.

ஆனால் அதே சம்மேளனத்தில் கூடைப்பந்தாட்ட அணிகளுக்குக் கறுப்பின மாணவரைச் சேர்ப்பதில்லை என்ற எழுதாத உடன்பாடு ஒன்றும் இருந்தது. 1948இல் இந்தியானா அணியில் பில் காரெட் ஆடத் தொடங்கியபோதுதான் அது உண்மையில் உடைந்தது. எழுதிய விதிகளைச் சதக்கணக்கில் எடைபோட்ட அந்த அலுவலகத்தின் தராசில் இந்த எழுதாத விதி ஏறவே இல்லை.

1930களின் கடைசியில் வேறொரு பக்கத்திலிருந்து அடி விழுந்தது. சம்மேளனத்தைத் தொடக்கிய பல்கலைக்கழகங்களில் ஒன்றான சிக்காகோவில் படிப்பையே பெரிதாகக் கருதிய ஹச்சின்ஸ் தலைவராக இருந்தார். 1939இல் மிச்சிகன் அதனை 85க்கு 0 என்று தோற்கடித்தது. அவ்வருடம் டிசம்பரில் ஹச்சின்ஸ் உதைபந்தாட்டத்தையே நிறுத்திவிட்டார். அரங்குக் கணக்கையும் காசில்லா ஆட்டத்தையும் ஒன்றாக வைத்திருக்க முடியாதென்று அவர் எடுத்த முடிவைப் பின்பற்ற வேறெந்தப் பெரிய பல்கலைக்கழகமும் துணியவில்லை. அதே 1939இல், தண்டனை பெற்ற அயோவா, நைல் கின்னிக் என்ற மாணவரால் மீண்டும் தலைநிமிர்ந்தது. படிப்பிலும் முதல்வரிசையில் நின்றவர் அவர். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருது அவருக்குக் கிடைத்தது. கிரிபித் இருபது வருடமாக எழுதிவந்த இலட்சிய மாணவன் ஒருவன் அவர் கண்ணெதிரே வந்ததுபோலிருந்தது. கின்னிக் 1943 ஜூனில் கடற்படைப் பயிற்சி விமானத்தில் சென்று கடலில் விழுந்து இறந்தார், வயது 24.

இரண்டாவது யுத்த காலத்தில் கல்லூரி விளையாட்டுகளை நிறுத்தலாகாது, அவை நல்ல சிப்பாயை உருவாக்கும் என்று கிரிபித் வாதாடிக்கொண்டிருந்தார். பழைய மேஜரின் குரல் மீண்டும் ஒலித்த காலம் அது. யுத்தம் முடிவதை அவர் காணவில்லை. 1944 டிசம்பர் 7ஆம் திகதி, ஆணையாளர் பதவியில் இருந்தவாறே, 67ஆவது வயதில் காலமானார்.

அவருக்குப் பின் 1945இல் பொறுப்பேற்றவர் கென்னத் வில்சன். அவரும் முன்னாளில் ட்ரேக் பல்கலைக்கழக விளையாட்டுப் பணிப்பாளராக இருந்தவரே. சிக்காகோ 1946இல் சம்மேளனத்தை விட்டு நீங்கியது. அயோவாவின் அரங்குக்கு 1972இல் கின்னிக்கின் பெயர் சூட்டப்பட்டது. தம் பெயரையும் புகழையும் கொண்டு பணம் சம்பாதிக்க அமெரிக்கக் கல்லூரி வீரருக்கு 2021இல் அனுமதி கிடைத்தது. 2025 ஜூன் மாதத்தில் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகக் கொடுப்பனவு செய்ய நீதிமன்றம் இணங்கிற்று. ‘பெரிய பத்து’ என்ற பழைய பெயரை வைத்துக்கொண்டே 2024இல் அந்தச் சம்மேளனம் பதினெட்டுப் பல்கலைக்கழகங்களாகப் பெருகிவிட்டது. டெ மொயின் நகரில் ட்ரேக் அஞ்சலோட்டங்கள் இன்றும் ஏப்ரல் மாதத்தில்தான் நடைபெறுகின்றன.